பாசிர் ரிஸ் ஆற்றுவாயில் பெடல் கயாக் வாடகை: எந்த நாளில் எடுத்தால் காசுக்குப் பலன்?

சிங்கப்பூரின் பாசிர் ரிஸ் பூங்காக் கரையில், மீன்பிடிக்கென்றே தயார்செய்த பெடல் கயாக்கை (காலால் மிதித்து ஓட்டும் சிறு படகு) அரைநாள் வாடகைக்குத் தரும் ஒரு சேவையைப் பற்றிய மதிப்பீடு இது. படகு தரமானது. ஆட்கள் பொறுப்பானவர்கள். பாதுகாப்பு விளக்கத்தை அவசரப்படாமல் சொல்லித்தருகிறார்கள். பெரிய குறை ஒன்றுதான்: காலை 8 முதல் 12, பிற்பகல் 2 முதல் 6 என்று இரண்டே வேளைகள் வைத்திருக்கிறார்கள், எந்த நாளானாலும் அதே நேரம், அதே கட்டணம். நீர் ஏறி இறங்கும் ஆற்றுவாயில் அது சரிவராது. ஒரு நாள் நான்கு மணி நேரமும் நீரில் கழியும். இன்னொரு நாள் அதே காசுக்குக் கடைசி ஒரு மணி நேரம் சேற்றில் படகை இழுப்பதில் போய்விடும். எந்த நாள் எப்படி இருக்கும் என்று முன்பதிவுப் பக்கத்தில் ஒரு வரிகூடக் கிடையாது. அதனால் படகைவிட நாளைப் பற்றியே இங்கு அதிகம் எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் இடம். காலாங் ஆறு 2008இல் மரினா அணைக்கட்டு வந்தபின் நன்னீராகிவிட்டது. சிராங்கூன், பொங்கோல் ஆறுகளின் வாயும் 2011இல் அடைபட்டு நீர்த்தேக்கங்களாகிவிட்டன. பாசிர் ரிஸ் பூங்காவின் ஊடே ஓடும் சுங்கை தெம்பனிசும் சுங்கை அப்பி அப்பியும் இன்னும் கடலோடு சேர்ந்தே ஏறி இறங்குகின்றன. ஏறக்குறைய 6 ஹெக்டர் சதுப்புநிலக் காட்டை அப்படியே விட்டுவைத்துத்தான் அந்தப் பூங்காவை அமைத்தார்கள். இறால், மடவைக் குஞ்சு, சிறு நண்டு எல்லாம் அந்த வேர்களுக்கிடையே வளர்கின்றன. நீர் இறங்கும்போது அவை வெளியே வந்தாக வேண்டும். ஆற்றுவாயில் காத்திருக்கும் பெரிய மீனுக்கு அதுதான் சாப்பாட்டு நேரம். நீர்த்தேக்கங்களில் செயற்கை இரை மட்டுமே அனுமதி. இங்கே உயிர் இறால் போடலாம் என்பதும் ஒரு பெரிய வசதி.

இனி நாள். சிங்கப்பூரில் பெரும்பாலான நாட்களில் நீர் இருமுறை ஏறி இருமுறை வற்றும். உச்சத்துக்கும் அடுத்த உச்சத்துக்கும் இடையே சுமார் 12 மணி 25 நிமிடம். அதனால் ஒவ்வொரு நாளும் நேரம் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். வீட்டுச் சுவரில் தொங்கும் தமிழ் நாள்காட்டியே பாதிக் கணக்கைச் சொல்லிவிடும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் நீர் மிக ஏறி மிக வற்றும், இடைவெளி இரண்டரை மீட்டரைத் தொடும். அஷ்டமி, நவமியை ஒட்டி அது ஒரு மீட்டர் அளவுக்குச் சுருங்கிவிடும். மீதிக் கணக்கு, அதாவது சரியான மணியும் உயரமும், கடல்துறை, துறைமுக ஆணையத்தின் அட்டவணையில் இருக்கிறது. தெற்குக் கரையின் நேரத்துக்கும் வடகிழக்குக் கரையின் நேரத்துக்கும் கொஞ்சம் வித்தியாசம் உண்டு என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

இதை அந்த இரண்டு வேளைகளோடு பொருத்திப் பாருங்கள். அமாவாசை, பௌர்ணமி நாட்களில் நீர் பொதுவாக நண்பகலுக்குச் சற்று முன்பின் உச்சத்துக்கு வரும். காலை வேளை எடுத்தால் பாதி ஏறிய நீரில் இறங்கி, நிறைநீரில் கரையேறலாம். அதே நாளில் பிற்பகல் வேளை எடுத்தால் இறங்கும்போதே நீர் வடியத் தொடங்கியிருக்கும், 6 மணிக்குத் திரும்பும்போது கரைக்கு முன்னால் சேறும் கடற்புல்லும்தான் இருக்கும். எனவே அமாவாசை, பௌர்ணமியில் பிற்பகல் வேளையை எடுக்கவே கூடாது. எங்கள் கணக்கில் மிகச் சிறந்தவை அதற்கு ஓரிரு நாள் முன்பு வரும் திரயோதசியும் சதுர்த்தசியும். உச்சம் காலை 10 மணியை ஒட்டி வரும், ஆக அந்த நான்கு மணி நேரத்துக்குள் கடைசி ஏற்றமும், நீர் நிற்கும் நேரமும், முதல் இறக்கமும் மூன்றும் கிடைத்துவிடும். திரயோதசியில் பிரதோஷம் பார்த்து மீன் தொடாதவர்கள் மறுநாளை எடுத்துக்கொள்ளலாம்.

அஷ்டமி, நவமியில் புதுக் காரியம் தொடங்க வேண்டாம் என்று வீட்டில் சொல்வார்கள். கயாக்கில் முதன்முதலாக ஏறுபவருக்கு அந்த நாட்கள்தான் பொருத்தம். ஓட்டம் மெதுவாக இருக்கும், உச்சம் மாலையை ஒட்டி வருவதால் பிற்பகல் வேளையில் திரும்புவதும் எளிது. மீன் குறைவாகவே கடிக்கும். ஆனால் படகைப் பழகிக்கொள்ளும் நாளில் அது ஒரு பெரிய இழப்பில்லை.

நீர் எவ்வளவு வேகமாக வடியும் என்பதற்கு ஒரு தோராயக் கணக்கு இருக்கிறது. உச்சத்திலிருந்து வற்று வரை ஆறு மணி நேரம் என்று கொண்டால், மொத்த உயரத்தைப் பன்னிரண்டு பங்காக்கி, மணிக்கு 1, 2, 3, 3, 2, 1 பங்கு இறங்கும் என்று வைத்துக்கொள்ளலாம். இடைவெளி 2.4 மீட்டர் என்றால் மூன்றாவது மணியில் மட்டும் 60 சென்டிமீட்டர் போய்விடும். செங்குத்தான கரையில் அது பெரிதாகத் தெரியாது. பாசிர் ரிஸ் கரையோ மிகச் சாய்வு குறைந்த மணல்திட்டு. அங்கே 60 சென்டிமீட்டர் இறக்கம் என்றால் நீரின் விளிம்பு பல பத்து மீட்டர் பின்வாங்கிவிடும். உச்சம் கடந்து இரண்டு மணி நேரத்துக்குள் கரையேறிவிட வேண்டும் என்று நாங்கள் அழுத்திச் சொல்வது அதனால்தான்.

படகுக்கு வருவோம். அமர்ந்தபடி ஓட்டும் வகை, நீளம் மூன்றரை மீட்டரை ஒட்டியது, அகலம் 85 சென்டிமீட்டர் அளவு. இந்த அகலம் முக்கியம். பக்கவாட்டில் திரும்பி வலையை நீட்டினாலும் படகு சாயாமல் தாங்கும். வேகம் குறைவுதான், ஆனால் இங்கே கடக்க வேண்டிய தொலைவும் குறைவு. காலால் மிதித்தால் அடியில் இரண்டு நெகிழ்வான தகடுகள் இடவலமாக அசைந்து படகைத் தள்ளும். சுழலும் புரொபெல்லர் வகையைவிட இந்த ஆற்றுவாய்க்கு இதுவே மேல். காரணம் ஆழம். ஒரு பெடலை முழுக்க முன்னே தள்ளிப் பிடித்தால் இரண்டு தகடுகளும் வயிற்றோடு ஒட்டி மடங்கிக்கொள்ளும், முழங்காலளவு நீரிலும் துடுப்பால் தள்ளிப் போய்விடலாம். புரொபெல்லரைத் தூக்கி உள்ளே வைத்தால்தான் அப்படிப் போக முடியும். அறுந்து மிதக்கும் நைலான் நூல் சுற்றிக்கொண்டால் அதை நடுநீரில் பிரிப்பது தனி வேலை.

தகடு வகையிலும் பிரச்சினை வரும். கடற்புல் திரண்டு தகட்டின் முன்விளிம்பில் மாட்டினால் மிதிப்பது திடீரென்று கனக்கும். இன்னும் பலமாக மிதித்தால் உள்ளே இருக்கும் கம்பி வடமோ சங்கிலியோ தளர்ந்துவிடும். நிறுத்தி, இரண்டு மூன்று முறை பின்னோக்கித் துடுப்புப் போட்டால் பெரும்பாலும் புல் கழன்றுவிடும். பாறைத் தடுப்புகளை ஒட்டி மிதிக்கவே வேண்டாம். அவற்றில் ஒட்டியிருக்கும் சிப்பியும் பார்னக்கிளும் தகட்டின் ஓரத்தைக் கிழித்துவிடும். சேதத்துக்கான கட்டணம் உங்கள் முன்வைப்புத் தொகையில்தான் கழியும். ஆகவே படகை வாங்கியவுடன் தகடு, சுக்கான், சுக்கான் இழுக்கும் கயிறு, பின்புறத்து வடிகால் அடைப்பு நான்கையும் கைபேசியில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வடிகால் அடைப்பு இறுக்கமாக இருக்கிறதா என்று கையால் திருகியும் பாருங்கள். அது தளர்ந்திருந்தால் படகு உடனே மூழ்காது, மெல்ல மெல்லப் பின்புறம் தாழ்ந்து, திரும்பும் நேரத்தில்தான் கனம் தெரியும்.

இவர்கள் மனதாரப் பாராட்டத்தக்க வகையில் செய்வது, கவிழ்ந்தால் ஏறும் பயிற்சி. இடுப்பளவு நீரில் எல்லோரையும் ஒருமுறை விழவைத்து, திரும்ப ஏறவைக்கிறார்கள். படகு கவிழ்ந்தே கிடந்தால் அதன் மேல் குறுக்கே கைநீட்டி எதிர்ப்பக்க விளிம்பைப் பிடித்து உங்கள் பக்கம் இழுத்துப் புரட்ட வேண்டும். பிறகு கால்களை நீரின் மேல்மட்டத்துக்கு உதைத்துக் கொண்டுவந்து, வயிறு படகின் மேல் குறுக்கே விழும்படி தாவ வேண்டும். அதன்பின் புரண்டு உட்கார வேண்டும், கடைசியாகத்தான் கால் உள்ளே வரும். நின்றபடி ஏறப் பார்ப்பவர்கள் படகை மறுபடி தங்கள் மேலேயே கவிழ்த்துக்கொள்வார்கள். இந்தப் பயிற்சியைத் தராத இடத்தில் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் எடுக்காதீர்கள்.

நங்கூரத்தில் அவர்கள் கவனம் போதாது. மடக்கு நங்கூரம் தருகிறார்கள், அது சரிதான். கயிறு 8 மீட்டர்தான். படகின் நடுப்பக்கக் கொக்கியில் கட்டித் தருகிறார்கள். இரண்டும் தவறு. கயிற்றின் நீளம் ஆழத்தைப்போல் ஐந்து மடங்காவது இருந்தால்தான் நங்கூரம் படுத்து மண்ணைக் கவ்வும். நான்கு மீட்டர் ஆழத்துக்கு 20 மீட்டர் வேண்டும். 8 மீட்டர் கயிற்றில் அது செங்குத்தாகத் தொங்கிக்கொண்டு தரையில் இழுபடும். அதைவிட ஆபத்தானது நடுப்பக்கக் கட்டு. இறங்கும் நீரில் படகு ஓட்டத்துக்குக் குறுக்கே நின்றுவிடும், ஓட்டம் தான் வரும் பக்கத்து விளிம்பை அழுத்தும், பிறகு கவிழ்வதற்குச் சில நொடிகள் போதும். முனையிலிருந்தோ பின்புறத்திலிருந்தோ மட்டுமே நங்கூரம் விட வேண்டும். 20 மீட்டர் கயிறு, ஒரு சிறு மிதவை, கைக்கெட்டும் இடத்தில் உறையோடு ஒரு கத்தி மூன்றையும் நீங்களே கொண்டுபோங்கள்.

பாறையில் மாட்டும் நங்கூரத்தை மீட்க ஒரு வழி உண்டு. சங்கிலியை நங்கூரத்தின் அடித்துளையில் மாட்டுங்கள். அதன் தண்டின் மேல்வளையத்தோடு சங்கிலியை ஒரு மெல்லிய பிளாஸ்டிக் கேபிள் டையால் கட்டிவிடுங்கள். சாதாரணமாக இழுத்தால் மேல்வளையம் வழியாகவே இழுபடும். மாட்டிக்கொண்டால், படகை நங்கூரத்துக்கு நேர்மேலே கொண்டுவந்து பலமாக இழுங்கள். கேபிள் டை அறுந்து, நங்கூரம் அடிப்பக்கமாகப் பின்னோக்கி உருவிக்கொண்டு வரும். சில காசு விலையுள்ள டை ஒரு நங்கூரத்தைக் காப்பாற்றும்.

வாடகையோடு தரும் தூண்டில் பரவாயில்லை, ரீலில் இருக்கும் தடித்த நைலான் நூல்தான் பொருந்தவில்லை. ஓட்டத்தில் அது நிறைய நீரைப் பிடித்து வளைந்துவிடும், கடி கைக்குத் தெரியாது. சொந்தமாக ஆறரை அடி, நடுத்தரக் கனமுள்ள தூண்டில், 20 பவுண்டு பிரெய்டு நூல், ஒரு மீட்டர் அளவுக்கு 30 பவுண்டு ஃபுளோரோகார்பன் லீடர் (முள்ளுக்கு முன்னால் கட்டும் நூல்) இருந்தால் இங்குள்ள எல்லாவற்றுக்கும் போதும். கொடுவாவின் செவுள் மூடி கத்திபோல் வெட்டும், அதனால் லீடரை மெலிதாக்காதீர்கள். பெடோக் படகுத்துறையில் எல்லோரும் போடும் அப்போலோ கட்டு கயாக்குக்கு வேண்டாம். இரண்டு முள் தொங்கும்போது ஒன்றில் மீன் துள்ளினால் மற்றது உங்கள் கையிலோ தொடையிலோ ஏறும். நூலில் ஓடும் ஈயம், ஒரு சிறு பாசிமணி, சுழலி, லீடர், 1/0 அல்லது 2/0 அளவு வட்ட முள், இவ்வளவே போதும். ஈயம் ஓட்டத்தைப் பொறுத்து கால் அவுன்ஸ் முதல் ஓர் அவுன்ஸ் வரை. தரையைத் தொட்டு மெல்ல நகரும் எடையே சரியானது. அசையாமல் கிடந்தால் எடை அதிகம்.

உயிர் இறாலைத் தலைக்கொம்பின் அடியில், தலைக்குள் தெரியும் கரும்புள்ளிக்கு முன்னால் குத்துங்கள். கரும்புள்ளியைத் தொட்டால் அது உடனே செத்துவிடும். இவர்கள் தரும் வாளியில் காற்றுப் பம்பு இல்லை. வெயிலில் அந்த வாளி நீர் சூடேறி, இறால் ஒரு மணி நேரம்கூடத் தாங்காது. பேட்டரிப் பம்பு ஒன்றும், உறையவைத்த தண்ணீர் பாட்டில் ஒன்றும் எடுத்துப்போங்கள். பாட்டிலை மூடியபடியே வாளிக்குள் மிதக்கவிட வேண்டும். பனிக்கட்டியை அப்படியே போட்டால் குழாய்நீர் கலந்து உப்பும் குறையும், கிருமிநாசினியும் சேரும்.

எங்கே நிற்பது? ஆற்றின் நடுவில் வேண்டாம். ஆறு கடலுக்குள் வெட்டிக்கொண்டு போகும் வாய்க்காலின் விளிம்பைத் தேடுங்கள். நிறைநீரில் அது கண்ணுக்குத் தெரியாது, ஆனால் ஓட்டம் வேகமாகப் போகும் இடத்துக்கும் மெதுவாகச் சுழலும் இடத்துக்கும் நடுவே நுரையும் இலையும் ஒரு கோடாகச் சேர்ந்திருக்கும். மெதுவான பக்கத்தில் படகை நிறுத்தி, வேகமான பக்கத்தில் ஓட்டம் வரும் திசை நோக்கி இரையை எறிந்து, அது கோட்டைக் கடந்து வருமாறு விடுங்கள். ஏற்றத்தின் கடைசி இரண்டு மணி நேரத்தில் சிறு களவா, சங்கரா வகைகள் கல்லை ஒட்டிக் கடிக்கும். இறக்கத்தின் முதல் மணியே கொடுவாவுக்கு உரியது. கனமழை பெய்த மறுநாள் மேல்நீர் நன்னீராகிப் பழுப்பாக இருக்கும். அன்று வாயிலிருந்து கொஞ்சம் வெளியே, ஆழத்தில் போடுங்கள்.

கிடைப்பதெல்லாம் கையால் தொடத்தக்கவை அல்ல. மலாய் நண்பர்கள் செம்பிலாங் என்று அழைக்கும் விலாங்குவால் கெளுத்திக்கு முதுகிலும் இரு பக்கத்திலும் நஞ்சு முள் உண்டு. திருக்கையின் வால்முள்ளும் அப்படியே. இரண்டையும் படகுக்குள் ஏற்றாமல் நீரிலேயே நீண்ட இடுக்கியால் தூண்டில் முள்ளைக் கழற்றிவிடுங்கள், முடியாவிட்டால் லீடரை வெட்டிவிடுங்கள். பேத்தை மீனை எந்தக் காரணம் கொண்டும் வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள், அதன் நஞ்சு சமையலில் அழியாது. ஆழம் குறைந்த இடத்தில் இறங்கி நடக்கும்போது கெட்டியான அடியுள்ள காலணி அணிந்து, காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்து நடந்தால் மணலில் புதைந்திருக்கும் திருக்கை விலகிப்போகும். குத்திவிட்டால், காயத்தைத் தாங்கக்கூடிய அளவு சூடான நீரில், 45 டிகிரி செல்சியஸுக்கு மிகாமல், அரை மணி நேரத்துக்குக் குறையாமல் ஊறவைத்தால் வலி குறையும். மூச்சுத் திணறலோ மயக்கமோ தெரிந்தால் காத்திருக்காமல் ஆம்புலன்சுக்கு 995ஐ அழையுங்கள்.

வானிலை பற்றி அவர்கள் கண்டிப்பாக இருப்பது நமக்கு நல்லது. ஏப்ரல் முதல் நவம்பர் வரை விடியலுக்கு முன்பிருந்து முற்பகல் வரை மேற்கிலிருந்து சுமத்ரா காற்று வரலாம், மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் வீசும். மேற்கு வானில் கருமேகம் ஒரே கோடாக எழுந்தால் அதற்குமேல் ஒரு வீச்சுகூட எறிய வேண்டாம், கரைக்குத் திரும்புங்கள். பருவமழைகளுக்கு இடைப்பட்ட மாதங்களில் பிற்பகல் இடிமின்னல் அதிகம், கையில் இருக்கும் கார்பன் தூண்டில் மின்சாரத்தைக் கடத்தும். சத்தமில்லாத ஆபத்து ஒன்றும் உண்டு. பாசிர் ரிஸ் கரை வடக்கு நோக்கியது. தெற்கிலிருந்து காற்று வீசும் நாளில் கரையோரம் அலையே இருக்காது, நீர் அமைதியாகத் தெரியும். அந்தக் காற்று இறங்கும் நீரோடு சேர்ந்து படகை எதிரே உள்ள புலாவ் உபின் தீவின் பக்கம் தள்ளிக்கொண்டே போகும். அப்படிப்பட்ட நாளில் முதலில் சிறிது தூரம் வெளியே போய், உடனே திரும்பிக் காற்றை எதிர்த்து மிதித்துப் பாருங்கள். அது கடினமாக இருந்தால் அன்று கரையை ஒட்டியே இருங்கள்.

கயாக் ஆற்றுக்குள் நுழைய வேண்டிய தேவையே இல்லை. நல்ல மீன் ஆற்றுவாயில்தான் நிற்கிறது. உள்ளே கொக்கும் நாரையும் கூடுகட்டும் மரங்கள், நீர்நாய்கள், நடைபாலத்தில் வேடிக்கை பார்க்கும் குடும்பங்கள் எல்லாம் இருக்கின்றன. பூங்காக் கரையில் நின்று தூண்டில் போடுவதும் தேசியப் பூங்காக் கழகம் குறித்த இடங்களில் மட்டும்தான், பலகையைப் பார்த்துக்கொள்ளுங்கள். வெளியே மிதக்கும் மீன்பண்ணைகளின் கயிற்றில் படகைக் கட்டாதீர்கள். அவற்றின் நங்கூரக் கயிறுகள் நீருக்கடியில் வெகுதூரம் சாய்வாக ஓடும், உங்கள் முள் மாட்டினால் அறுபடுவது இன்னொருவரின் பிழைப்பு. அறுந்த நூல் எதையும் நீரில் விடாமல் பையில் சுருட்டிக்கொண்டு வருவது இந்த இடத்துக்கு நாம் செய்ய வேண்டிய மிகக் குறைந்த மரியாதை.

மொத்தத்தில், நாள் பார்த்து எடுத்தால் இந்தச் சேவை கொடுத்த காசுக்கு முழுமையாகத் தகும். படகுக்கும் பயிற்சிக்கும் நல்ல மதிப்பெண். தூண்டிலுக்கும் இறால் வாளிக்கும் சுமார். நங்கூரத்தை அவர்கள் உடனே மாற்றியாக வேண்டும். மின்னல் எச்சரிக்கை வந்தால் வேறு நாள் தருகிறார்கள், நீர் வற்றிப்போனதற்குத் தருவதில்லை. முன்பதிவு செய்யும் முன் அட்டவணையில் உச்ச நேரத்தைப் பாருங்கள். காலை வேளைக்கு அது 10க்கும் 12க்கும் இடையே விழ வேண்டும், பிற்பகல் வேளைக்கு 4க்கும் 6க்கும் இடையே. அப்படி விழாத நாளில் ஒரு மணி நேரம் முன்னே பின்னே மாற்றித் தர முடியுமா என்று தொலைபேசியில் கேளுங்கள். வார நாட்களில் பெரும்பாலும் ஒப்புக்கொள்கிறார்கள்.